பொய்ப்பூச்சிகளின் சரித்திரம்

கண்புரை அறுவை முடிந்து, மறுபரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒரு காலையில்தான் அவரை முதலில் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் தடித்த ஆங்கிலப் புத்தகம், கையில் பூதக்கண்ணாடி. புத்தகத்தை நேராகப் பார்க்காமல், கோழி தானியத்தைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் கவனித்த நேரம் முழுக்க ஒரு பக்கம்கூட அவர் புரட்டவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணுல சொட்டு மருந்து உட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்படீன்னா இந்த ஒரு பத்தியை மட்டும் படிச்சுச் சொல்ல முடியுங்களா? காத்தால இருந்து இதுலயே நிக்கறேனுங்க."

வாங்கிப் படித்தேன். எந்தக் காலத்திலோ மாசிடோனியா பக்கம் ஓர் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள், கொக்கியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்திறகைச் சேர்த்துக் கட்டி, மீன்களை ஏமாற்றிப் பிடித்தார்கள் என்று அந்தப் பத்தி சொன்னது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு பத்தி முடிந்ததும் அடுத்ததற்குப் போனேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. செவிலிப் பெண் என் பெயரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "டீச்சருங்களா?" என்று கேட்டார்.

"ரிட்டயர்டுங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"கமா வந்தா நிக்கிறீங்களே."

அரசு பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கமாவுக்கு நிற்கச் சொல்லித் தொண்டை வறண்டிருக்கிறேன். ஒருவர் அதைக் காதால் கேட்டு அடையாளம் கண்டது அதுவே முதல் முறை.

பரிசோதனை முடிந்து வெளியே வந்தால் வெயில் கண்ணில் குத்தியது. அவரும் கேட்டருகில் ஆட்டோவுக்கு நின்றிருந்தார். அப்போதுதான் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோய்விட்டது. ஊசி போட்டு இன்னும் மோசமாகாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள், போன பார்வை திரும்ப வராது.

"நேராப் பாத்தாத் தெரியறதில்லீங்க. இப்ப அந்தக் கம்பத்தைப் பாக்கறேன் பாருங்க, நீங்க தெரியறீங்க. பச்சைச் சேலை கட்டியிருக்கீங்க."

நான் கட்டியிருந்தது நீலம்.

வாரத்தில் ஒரு நாள் வந்து படிக்க முடியுமா, ஆட்டோவுக்கு நானே ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன். ஆனால் யோசிக்க அதிகமில்லை. கணவர் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சரவணம்பட்டியில் மகன் வீட்டில் இருந்தேன். மகனும் மருமகளும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். வீட்டில் பேச்சுச் சத்தத்துக்குக் குறைவில்லை. எல்லாம் வேறு தேசத்தாரோடு. என் குரலை நானே கேட்காத நாட்கள் இருந்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை போனேன்.

பக்கத்துப் பகுதியான கணபதியில் அவருக்கு, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை இருந்தது. கண் போன பிறகு, தன்னிடம் வேலை பார்த்த இருவரிடமே அதை ஒப்படைத்துவிட்டு மாடியில் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் திருப்பூரில். படியேறும்போதே வார்னிஷ் வாசனை வரும். மேலே ஓர் அறை முழுக்கப் புத்தகங்கள். எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை.

அந்த விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தத் தூண்டிலில் புழு கிடையாது. கொக்கியின்மேல் இறகும் நூலும் சுற்றி ஒரு பூச்சியைப்போலச் செய்கிறார்கள். எடையே இல்லாத அந்தப் பூச்சியை, சாட்டை வீசுவதுபோல நீளமான கயிற்றை முன்னும் பின்னும் வீசி, நீரின்மேல் மெல்ல இறக்குகிறார்கள். மீன் அதை நிஜம் என்று நம்பி மேலே வந்து கவ்வ வேண்டும். இவ்வளவுதான். இதற்குத்தான் இங்கிலாந்துக்காரர்கள் சில நூறு வருடங்களாகப் புத்தகம் எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

"ஃப்ளை" என்று வந்த இடத்திலெல்லாம் முதல் நாள் நான் "ஈ" என்று தமிழில் சொன்னேன். அவர் சிரித்தார். "ஈயைப் போட்டா நம்ம மிட்டாய்க்கடை ஞாபகம் வருதுங்க. பொய்ப்பூச்சின்னு வெச்சுக்கலாம்." அன்றிலிருந்து எங்களுக்குள் அது பொய்ப்பூச்சி ஆயிற்று.

மோட்டார் காயில் கட்டுகிறவருக்கு இதில் எப்படி ஆசை வந்தது என்று கேட்டேன். இளமையில் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மோட்டார் சரிசெய்யப் போனாராம். மழையில் சாலை சரிந்துவிட்டது. ஊருக்குத் திரும்ப முடியாமல் விருந்தினர் பங்களாவில் தங்கியிருக்கிறார். படிக்க அங்கே இருந்தது, எந்தக் காலத்துத் துரையோ விட்டுப்போன மீன்பிடிப் புத்தகங்கள் மட்டும். பாதி புரியாமலே படித்திருக்கிறார்.

"ஒருத்தன் நாள் பூராவும் ஆத்துல நிக்கறானுங்க. ஒரு மீனும் புடிக்கலை. ஆனா வந்து உக்காந்து அன்னைக்கு என்ன காத்து, என்ன மேகம், எந்தக் கல்லுக்குப் பின்னால மீன் இருந்துச்சுன்னு எழுதறான். புடிக்காத மீனுக்கு இத்தனி மரியாதையான்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சுங்க."

கிளம்பும்போது தோட்டத்து மேனேஜர் ஒரு புத்தகத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். மற்றதெல்லாம் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடியும், பிறகு மகள் சொல்லிக்கொடுத்து இணையத்தில் வாங்கியும் சேர்த்தவை.

கண் நன்றாக இருந்த காலத்தில் அவரே பொய்ப்பூச்சிகள் கட்டியிருக்கிறார். கறிக்கடையில் சேவல் கழுத்திறகைக் கேட்டு வாங்கி வருவாராம். காயில் கட்டும் செம்புக் கம்பியில் மிக மெல்லியதை எடுத்துப் பூச்சியின் வயிற்று வரிகளாகச் சுற்றியிருந்தார். கண்ணாடி மூடிபோட்ட ஒரு பெட்டியில் அவை வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எறும்பைவிடக் கொஞ்சம் பெரிது. கையை மூடினால் பறந்துவிடுமோ என்று கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இதுல எத்தனை மீன் புடிச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு வாட்டி மேல போனேன். படலை. அப்பறம் வீட்டம்மா படுத்துட்டாங்க. அவுங்களைப் பாத்துக்கவே நேரம் செரியாப் போச்சு. அப்பறம் கண்ணு போயிருச்சு."

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. மழை வந்தது, பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னார்.

செவ்வாய் மட்டும் என்று ஆரம்பித்தது, செவ்வாயும் வெள்ளியும் ஆயிற்று. எனக்கு மீனைப் பற்றி எதுவும் தெரியாது. சந்தையில் மத்தி எது, அயிரை எது என்று தெரியும், அதோடு சரி. ஆனால் அந்தப் புத்தகங்கள் மீனைப் பற்றியவை அல்ல என்று சில வாரங்களில் புரிந்தது. மனிதர்களின் பிடிவாதத்தைப் பற்றியவை. பூச்சி நீரின்மேல் மிதக்க வேண்டுமா, நீருக்குள் மூழ்க வேண்டுமா என்று அவர்கள் ஒரு தலைமுறை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். மிதக்கும் கட்சிக்காரர்கள் மூழ்கும் கட்சிக்காரர்களோடு ஒரே ஆற்றில் நிற்கமாட்டார்களாம்.

"கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமான்னு சண்டை போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "யானையை ஆரும் கேக்கலை. மீனையும் ஆரும் கேக்கலை."

இன்னொரு நாள் ஈசலில் சண்டை வந்தது. இந்தத் தூண்டிலில் சிக்கும் மீன்கள் விரும்பித் தின்னும் ஒரு பூச்சி இருக்கிறது. மாதக்கணக்கில் ஆற்றின் அடியில் கல்லுக்குக் கீழே கிடந்து, ஒரு நாள் மேலே வந்து சிறகு விரித்து, அன்றைக்கே செத்துப்போகும். சிறகு வந்த பிறகு அதற்கு வாய்கூடக் கிடையாது, சாப்பிட நேரமில்லை என்பதால். நான் அதை "ஈசல்" என்று சொல்லிப் படித்தேன்.

"ஈசல் மண்ணுல இருந்து வருமுங்க. இது தண்ணியில இருந்து வருது."

"ரெண்டும் ஒரு நாள்தானேங்க இருக்குது?"

"ஒரு நாள் இருக்கறதெல்லாம் ஈசலுங்களா? அப்ப நேத்து வெச்ச ரசமும் ஈசல்தான்."

கடைசிவரை அதற்குத் தமிழில் ஒரு பெயர் கிடைக்கவில்லை. "அது" என்றே சொல்லிக்கொண்டோம். "அது வந்துருச்சுங்களா?" என்பார். "இந்த அத்தியாயத்துல வருமுங்க" என்பேன்.

இந்தத் தூண்டிலைப் பற்றி இங்கிலாந்தில் முதன்முதலில் எழுதியது ஒரு பெண் என்று ஒரு புத்தகம் சொன்னது. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை, யாரோ கட்டிவிட்ட கதை என்று இன்னொரு புத்தகம் அடித்துச் சொன்னது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பெண் எழுதியிருக்கவே மாட்டாள் என்று எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறான் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தாங்கன்னே நாம வெச்சுக்கலாமுங்க. நமக்கு என்ன நட்டம்?" என்றார். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தில் அவள் இல்லை என்று வந்தாலும் அந்த வரியை நான் படிக்காமல் தாண்டினேன். தாண்டுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

நீலகிரிக்கு இந்த மீன் வந்த கதையையும் படித்தோம். அந்தப் புத்தகங்கள் பேசும் டிரவுட், குளிர்தேசத்து மீன். அதன் முட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலேற்றி, மெட்ராஸில் இறக்கி, மேட்டுப்பாளையம் வழியாக மலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியிலேயே முட்டைகள் செத்துப்போயின. மறுபடி கொண்டுவந்தார்கள். மறுபடியும் செத்தன. விடாமல் முயன்று ஒரு தடவை பிழைத்தவை, மலை ஓடைகளில் இன்றைக்கும் இருக்கின்றன.

"நம்ம ஊரு வெயில்ல முட்டையைக் காப்பாத்தறதுக்கு என்ன பாடு பட்டிருப்பாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்ததுபோல இருந்தார்.

இதெல்லாம் மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்தபோது என் மகன் காதில் விஷயம் விழுந்தது. கணபதியில் இருக்கும் தூரத்து உறவு ஒருத்தர் அவனிடம், "உங்கம்மா ஒரு நாயுடு வீட்டு மாடிக்கு அடிக்கடி போறாங்களே" என்று சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரர் குடும்பம் தெலுங்கு பேசுகிறது. நாங்கள் வேறு ஆட்கள். இரவுச் சாப்பாட்டின்போது மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, எங்க போறீங்க?"

"புஸ்தகம் படிக்கப் போறேன் கண்ணு. சொன்னேனல்ல?"

"லைப்ரரின்னு நெனச்சேன்."

"நான் லைப்ரரின்னு சொல்லவே இல்லை."

மருமகள் சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவன் மேலும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது, "நானே கொண்டுபோய் உடறேன், வாங்க" என்றான். விட்டுவிட்டுப் போகவில்லை, மேலேயே ஏறி வந்தான்.

அவர் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க தம்பி, உக்காருங்க. டீ போடட்டுங்களா?" என் மகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அன்று எங்களுக்கு வாய்த்த அத்தியாயம், தூண்டில் கயிறு குதிரை முடியிலிருந்து பட்டுக்கு மாறிய வரலாறு. வெள்ளைக் குதிரையின் வால்முடிதான் சிறந்தது, பெண்குதிரையின் வால் ஆகாது, அது நனைந்து நைந்திருக்கும் என்று பக்கம் பக்கமாக ஓடியது. நான் படித்தேன். அவர் கேட்டார். ஆண்குதிரை முடிந்து பட்டுக்கு வரும்போது குறட்டைச் சத்தம் கேட்டது. என் மகன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அவர் குரலைத் தாழ்த்தி, "பாவமுங்க, வேலை ஜாஸ்தி போல. மெதுவாப் படிங்க" என்றார்.

திரும்பும் வழியில் மகன் சிரித்துவிட்டான். "அம்மா, இதைக் கேட்டுட்டு அந்த மாமா வாராவாரம் முழிச்சுட்டு உக்காந்திருக்காரா?"

"ஆமா."

கொஞ்ச தூரம் ஓட்டியபின், "நீங்க படிக்கறப்ப சின்ன வயசுல எனக்குப் பாடம் சொன்ன மாதிரி இருந்துச்சும்மா. அதான் தூக்கம் வந்துருச்சு" என்றான்.

அந்தக் குளிர்காலம் முடியும்போது, அவரிடம் உறை பிரிக்காமல் ஒரு தூண்டில் இருப்பது தெரிந்தது. இரவல் தூண்டிலோடு இரண்டு முறை மலைக்குப் போய் வந்தபின், மனைவி நோயில் படுப்பதற்குமுன் வாங்கியது. எடுங்கள் என்றேன். கண் தெரியாமல் எப்படி என்றார். "மீன் இருக்கற எடத்தை நான் சொல்றேனுங்க. வீசறது மட்டும் நீங்க" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

மொட்டைமாடியில் பழகினோம். கொக்கிக்குப் பதிலாகக் கயிற்று நுனியில் சிவப்பு நூல்குஞ்சம் கட்டினோம். வீசும்போது முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது, அதற்கு அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்துக்காரர்களின் பழைய வழக்கம். அவர் ஆங்கில அகராதியை இடுக்கிக்கொண்டார். நான் நிழலில் நின்று செய்முறையைப் படிப்பேன். பின்னால் வீசு, கயிறு முழுக்க நீளும்வரை பொறு, பிறகு முன்னால். அந்தப் பொறுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றன எல்லாப் புத்தகங்களும். அவர் அவசரப்பட்டால் கயிறு சாட்டைபோலச் சொடுக்கும். கீழே பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போடுவதை விட்டுவிட்டு, "ஏனுங்க, காக்கா முடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

மகன்தான் காரில் கூட்டிப்போனான். அவர் ஒருகாலத்தில் மோட்டார் சரிசெய்த தோட்டத்துக்குள் ஓடும் ஓடை. தோட்டத்தில் சொல்லி, மீன்துறையில் அனுமதியும் வாங்கியிருந்தோம். மேலே போனபோது பனி விலகி வெயில் இளசாக இருந்தது. ஓடை அகலமில்லை. கல்லுக்குக் கல் தாவி, நடுவில் கொஞ்சம் ஆழமாகத் தேங்கி, மறுபடி ஓடியது. நான் சேலைமேல் மகனுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் நீரில் இறங்கினார்.

பெட்டியிலிருந்து ஒரு பொய்ப்பூச்சியை எடுத்துக் கட்டிக்கொடுத்தேன். முடிச்சுப் போடவும் புத்தகம் பார்த்துப் பழகியிருந்தேன். அவர் கயிற்றைப் பின்னால் வீசினார். பொறுத்தார். முன்னால் வீசினார். கயிறு முன்னால் போகவில்லை. இழுத்துப் பார்த்தார். என் தோள் இழுபட்டது. கொக்கி என் கம்பளிச் சட்டையில் மாட்டியிருந்தது.

"அசையாதீங்க!" என்று கரையேறி ஓடி வந்தார். விரலால் தடவித் தடவிக் கொக்கியைத் தேடினார். கண் எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது நான் தெரிவதற்காக என்று எனக்குத் தெரியும். "குத்திருச்சுங்களா? ரத்தம் வருதுங்களா?"

"இல்லீங்க. கம்பளியிலதான்."

கொக்கியை எடுத்தார். பெருமூச்சு விட்டார். பிறகு வாய் தவறியதுபோல, "என்ற மொத மீனு நீங்கதானுங்க" என்றார்.

சொன்னபிறகு அவர் முகம் சிவந்துவிட்டது. சற்றுத் தள்ளிக் கல்மேல் உட்கார்ந்திருந்த என் மகன் திடீரென்று போனை எடுத்து மலையைப் படம்பிடிக்க ஆரம்பித்தான்.

அதற்குமேல் நான் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டேன். பூச்சி நீரில் விழும் இடத்தைச் சொல்ல வேண்டியது என் வேலை. "கொஞ்சம் எடதுபக்கமுங்க. அந்தக் கல்லுக்கு முன்னால. இப்ப வருது, வருது, தாண்டிப்போச்சுங்க." மீன் கவ்வியதும் "இப்போ" என்று சொல்ல வேண்டும், அவர் கோலைத் தூக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். மீன் வந்தது. நீர் லேசாகக் குழிந்தது. பூச்சி காணாமல் போனது. எனக்கு வாய் வரவில்லை. வந்தபோது, "ஐயோ, தின்னுபோட்டுதுங்க!" என்றுதான் வந்தது. அதற்குள் அது துப்பிவிட்டுப் போய்விட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எப்படி வந்துச்சு? சொல்லுங்க" என்று கேட்டார். நான் சொன்னேன். கல்லுக்கு அடியிலிருந்து நிழல்போலக் கிளம்பியது, அவசரமே இல்லை, வாயை மட்டும் மேலே காட்டியது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்த மீனைப் பிடித்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரா தெரியாது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன் "இப்போ!" என்று கத்தினேன். பள்ளிக்கூட மைதானத்துக் குரல். அவர் கோலைத் தூக்கினார். அது வளைந்து துடித்தது. "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்றார், கோயில் கருவறைமுன் நிற்கிறவர்போல. என் மகன் செருப்போடு நீரில் இறங்கி ஓடினான்.

சின்ன மீன். ஒரு ஜாண் இருக்கும். தொடுவதற்குமுன் அவர் கையை நீரில் நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் தோல் கெட்டுவிடும் என்று நாங்கள் படித்திருந்தோம். மீனை நீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தார். இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார்.

"செரியாத் தெரியலீங்க. என்ன நெறம்?"

"முதுகு பாசி நெறமுங்க. மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. பக்கத்துல தலையில இருந்து வால் வரைக்கும் ரோஸ் நெறத்துல ஒரு கோடு. அடிவயிறு வெள்ளிக் காசு மாதிரி."

"ரோஸுங்களா?"

"ஆமாங்க. ரொம்ப லேசா."

கொக்கியை எடுத்துவிட்டு விரலைத் திறந்தார். மீன் உடனே போகவில்லை. அவர் உள்ளங்கைமேலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் போயிற்று.

மலையிறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும், கேரட்டும் பீன்ஸும் வாங்கி வருவதாக மகன் மார்க்கெட்டுக்குள் போனான். நாங்கள் இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இன்னும் எங்கள் உடம்பில் குளிர் இருந்தது. நான் டீ கிளாஸைப் பார்த்தபடி சொன்னேன்.

"இனிமே செவ்வாய் வெள்ளி வந்துட்டுப் போறது எனக்குச் செரிப்படாதுங்க."

அவர் கை டீயோடு நின்றது. "பரவாயில்லீங்க. உங்களுக்கும் அலைச்சல். இத்தனை நாள் வந்ததே…"

"அட, முழுசாக் கேளுங்க. மிச்ச நாளையும் சேத்துச் சொல்றேன்."

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஊட்டி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ற கண்ணு இன்னும் மோசமாகலாமுங்க."

"தெரியுமுங்க."

"உங்க ஆளுங்க, எங்க ஆளுங்க எல்லாம் பேசுவாங்க."

"பேசுவாங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"குதிரைமுடி அத்தியாயத்துல இருந்து யோசிக்கறேனுங்க."

அவர் சிரித்தார். கண்ணில் நீர் இருந்தது. துடைக்கத் துண்டைத் தேடினார். என் முந்தானையைக் கொடுத்தேன். மகன் இரண்டு பை நிறையக் காய்கறியோடு வந்து நின்றான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு டீ சொல்லுங்க" என்றான்.

எல்லாம் சுலபமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். என் அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டார். இன்றுவரை பேசவில்லை. மருமகள், "ஏனுங்க அத்தை, எங்க கிட்ட என்ன குறை?" என்று கேட்டு அழுதாள். குறையில்லை என்று அவளுக்குப் புரியவைக்க நாளாயிற்று. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அவளே என் பக்கத்தில் நின்றாள். அவருடைய திருப்பூர் மகள் வரவில்லை. போனில் தெலுங்கில் நெடுநேரம் பேசினாள். எனக்குத் தெலுங்கு தெரியாது. அவர் "ஊ, ஊ" என்று மட்டும் சொன்னார். அம்மா இருந்த வீட்டில் இன்னொருத்தியா என்பதுதான் அவள் வருத்தம் என்று பிறகு சொன்னார். அதில் நியாயம் உண்டு. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நான் கணபதிக்கே வந்துவிட்டேன். அவள் அம்மாவின் படத்தை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பூவும் போடுகிறேன். தினமும் மாலையில் படிக்கிறோம். இப்போது ஸ்காட்லாந்துப் பக்கத்து ஆறுகளைப் பற்றிப் போய்க்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெயர்களை நான் உச்சரிப்பது சரியா என்று சொல்ல இங்கே யாருமில்லை.

போன தைப்பொங்கலுக்கு மறுநாள் மகள் வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. வாசலில் நின்று, என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "ஏனுங்க, அப்பா இருக்காருங்களா?" என்று கேட்டாள். உள்ளே வந்து அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் பேசினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவசரத்தில் இருந்ததை வைத்துச் சமைத்தேன். சாதம், ரசம், பாகற்காய் வறுவல்.

மூன்று பேரும் சாப்பிட்டோம். அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். மகள் அவருடைய காலித் தட்டையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதை அடிக்கடி வெப்பீங்களா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை வெப்பேன் கண்ணு. அவருக்கு ரொம்பப் புடிக்கும். ஒரு துண்டு மீதி வெக்கமாட்டாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குப் பாகற்காயே ஆகாதுங்க. சமைச்சவுங்க மனசு நோகக் கூடாதுன்னு மொதல்ல அதைத்தான் வேகமாத் தின்னு முடிப்பாரு. எங்கம்மாவுக்கே கல்யாணமாகி நாலஞ்சு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

உள்ளே குழாய் நின்றது. "என்ன சிரிப்பு அங்க?" என்று அவர் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.